தட்டைத் திருப்பிப் போடுங்கள்: நைரோபியின் 45 சுற்று இசைத்தட்டு

ஏழு அங்குலத் தட்டு. நிமிடத்துக்கு 45 சுற்று. பக்கத்துக்கு நான்கிலிருந்து ஐந்து நிமிடம். 1970-களிலும் 80-களின் முற்பகுதியிலும் கென்யாவின் நைரோபியில் ஒரு காதல் பாட்டு கடைக்கு வந்தது என்றால் பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வந்தது. லேபிளில் பாட்டின் பெயர் இருக்கும், பக்கத்தில் ‘பகுதி 1’. திருப்பினால் அதே பெயர், ‘பகுதி 2’. நம் ஊர் சினிமாப் பாட்டுத் தட்டில் இதே ஏழு அங்குலத்தில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு அடைத்து நான்கு பாட்டு கொடுத்தார்கள். அங்கே இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பாட்டு.

இது தெரியாமல் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது, பந்தியில் சாம்பாரோடு எழுந்துவிடுவது மாதிரி. முதல் பக்கத்தில் காதலன் தன் வழக்கைச் சொல்லி முடிக்கிறான். இரண்டாம் பக்கத்தில் கிடார்கள் அந்த வழக்கை வாங்கிக்கொண்டு ஆட ஆரம்பிக்கின்றன. கொங்கோ இசைக்காரர்கள் இந்தப் பின்பாதியைச் செபேனே என்பார்கள். தான்சானியாவில் செம்கோ என்ற சொல் உண்டு. கொதித்தல் என்று பொருள் தரும் சுவாஹிலி வினையிலிருந்து வந்தது அது. உலை கொதித்தபிறகுதான் அரிசி போட வேண்டும் என்பதுபோல, கால் எப்போது இறங்க வேண்டும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

தட்டு வாங்கத் தகுந்ததா? தகுந்தது. மறுபதிப்பையும் இணையத்தில் கிடைக்கும் பதிவையும் தாண்டி, மூலத் தட்டுக்கென்று ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பொருள் இல்லை இது. எதைப் பார்க்க வேண்டும், எங்கே கெட்டுப்போயிருக்கும், எப்படிப் போட்டுக் கேட்க வேண்டும், எப்படி ஆட வேண்டும் என்பது தெரிந்தால்தான் கொடுத்த காசு திரும்பும்.

உரைகல்லாக ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளலாம். லெஸ் வன்யிகா குழுவின் ‘சினா மகோசா’. கதை தான்சானியாவின் கடற்கரை ஊரான டாங்காவில் தொடங்குகிறது. வில்சன் பீட்டர் கின்யோங்கா, ஜார்ஜ் பீட்டர் கின்யோங்கா என்ற சகோதரர்கள் அங்கே ஜம்ஹூரி ஜாஸ் குழுவில் வாசித்தவர்கள். அருஷா போய் அங்கே ஒரு குழு கட்டி, 1971-ல் எல்லை தாண்டி கென்யாவின் மொம்பாசாவுக்கு வந்து சிம்பா வன்யிகா என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வெட்டவெளிப் புல்வெளியின் சிங்கம் என்று அர்த்தம். பிறகு நைரோபி. 1978-ல் அந்தக் குழுவிலிருந்து ரிதம் கிடார் ‘புரொபசர்’ ஓமர் ஷபானி, பேஸ் கிடார் டாம் மலாங்கா, டிரம்ஸ் ரஷீத் ஜுமா, பாடகர் இஸ்ஸா ஜுமா ஆகியோர் பிரிந்தார்கள். ஜோபிசோ என்ற கொங்கோ குழுவில் இருந்த ஜான் ங்கெரேசாவும் சேர்ந்துகொள்ள, லெஸ் வன்யிகா பிறந்தது. ‘சினா மகோசா’தான் அவர்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது.

சினா மகோசா என்றால் ‘என்மேல் குற்றமில்லை’. பாட்டில் ஒருவன் இன்னொருவனிடம் முறையிடுகிறான். ஏன் இந்தக் கோபம், சும்மா என்னைக் கொல்லப் பார்க்கிறாயே, உனக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், எனக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், நமக்குள் எதற்குப் பகை என்று கேட்கிறான். சந்தேகத்துக்கு ஆளானவன் கத்தவில்லை. நிதானமாகப் பேசுகிறான். வாத்தியங்களும் அதே நிதானத்தில்தான் இருக்கின்றன. மூன்று கிடார்களுக்கும் ஆளுக்கொரு வேலை, ஒருவர் இடத்தில் இன்னொருவர் கால் வைப்பதில்லை. ரிதம் கிடார் ஒரு சுரக்கூட்டைச் சுரம் சுரமாகப் பிரித்துத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. லீட் கிடார் அந்தச் சுற்றின் மேலே குறைவான சுரங்களைத் தூவுகிறது. பேஸ் கிடார் எல்லா அடியையும் நிரப்பாமல் இடைவெளி விட்டு நடக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஆடுகிறவரின் இடுப்பு திரும்புகிறது.

தட்டைச் சோதிக்கவும் இந்த மூன்று கிடார்களே போதும். தொடக்கத்தில் பாட்டு வருவதற்கு முன் கிடார் மட்டும் ஒலிக்கும் இடம் மென்மையானது. தேய்ந்த தட்டில் அங்கேதான் எண்ணெய்ச் சட்டி பொரிவதுபோல் சத்தம் முதலில் கேட்கும். அந்த இடத்தில் ரிதம் கிடாரின் ஒவ்வொரு தட்டலும் தனித்தனியாக விழுந்தால் முதல் பக்கம் நல்ல நிலையில் இருக்கிறது. அடுத்து இரண்டாம் பக்கத்தின் கடைசி ஒரு நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். இதை விற்பவர் தானாகப் போட்டுக்காட்ட மாட்டார், கேட்டு வாங்க வேண்டும்.

ஏன் கடைசி நிமிடம்? தட்டின் வெளிவிளிம்பில் முள்ளுக்குக் கீழே வரி, அதாவது பாட்டு பதிந்த பள்ளம், வேகமாக ஓடும். உள்ளே போகப் போக வட்டம் சிறுத்து, அதே 45 சுற்றில் ஓடும் தூரம் குறைந்துவிடும். அதே அளவு ஒலியைக் குறைந்த இடத்தில் நெருக்கி எழுத வேண்டிவருவதால், உள்வட்டத்தில் சிதைவு எப்போதும் கூடுதல். நைரோபித் தட்டுகளில் ஆட்டம் உச்சத்துக்குப் போகும் இடமும் இரண்டாம் பக்கத்தின் கடைசிதான். அதிக இடம் கேட்கும் ஒலி, இடம் குறைந்த பகுதியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதோடு மதுக்கடைகளிலும் ஆட்டக் கூடங்களிலும் கனமான ஆர்ம் (முள்ளைத் தாங்கும் கை) வைத்த பிளேயர்களில் இரவுதோறும் ஓடிய தட்டு என்றால், அந்த இடத்தில் லீட் கிடார் கரகரவென்று பிளந்துபோயிருக்கும். வெளிப்புறம் பளபளவென்று இருந்து உள்வட்டம் சாம்பல் பூத்திருக்கும் தட்டு கண்ணுக்கு அழகு, காதுக்கு இல்லை. வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் அந்தச் சாம்பல் பூச்சு தெரிந்துவிடும்.

மேலோட்டமான கீறலுக்குப் பயப்பட வேண்டாம். நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். நகத்தில் தட்டாத கீறல் பெரும்பாலும் லேசான சொடுக்குச் சத்தத்தோடு போய்விடும். நகம் தடுக்கினால் முள்ளும் தடுக்கும், தாவும், அல்லது ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சுற்றும். இந்த வகைப் பாட்டில் அதைக் கண்டுபிடிப்பதே கடினம். ரிதம் கிடாரே ஒரே சுற்றைத்தானே திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கிறது! குரல் வரும் இடத்தை வைத்துத்தான் பிடிக்க முடியும்.

மையம் விலகிய தட்டு இன்னொரு தலைவலி. அச்சில் துளை நடுவில் விழாமல் போனால், சுற்றுக்கு ஒருமுறை சுருதி ஏறி இறங்கும். டோன் ஆர்ம் இடவலமாக ஆடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீட்டிப் பாடும் குரலில் உடனே தெரியும், வேகமான கிடாரில் மறைந்துவிடும். நடுத்துளை பெரிய வகையாக, அதாவது 38 மில்லிமீட்டர் வகையாக இருந்தால் தப்பிக்க வழி இருக்கிறது. நடுவில் வைக்கும் அடாப்டர் சற்றுத் தளர்வாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, தட்டை ஒரு மயிரிழை நகர்த்தி, ஆர்ம் ஆடாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். சிறிய துளை என்றால் அந்த வாய்ப்பு இல்லை. விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

கழுவாமல் போடாதீர்கள். தூசி, விரல் எண்ணெய், சிகரெட் புகை எல்லாம் வரியில் பசைபோல் இறங்கியிருக்கும். முள்ளின் உராய்வு அந்தத் தூசியை உப்புத்தாள்போல் தேய்க்கும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி போதும். மென்மையான மைக்ரோஃபைபர் துணியை அல்லது வண்ணம் அடிக்கும் மெல்லிய பேடை நனைத்து, வரியின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே துடைக்கக் கூடாது. பிறகு சோப்பு கலக்காத காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை அலச வேண்டும். சோப்பு மிஞ்சினால் அது காய்ந்து புது இரைச்சலாகிவிடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு வரியில் தங்கிவிடும். காகித லேபிள் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், நனைந்தால் சாயம் இறங்கும். நிழலில் நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள். 1950-களின் 78 சுற்றுத் தட்டும் கூடவே கிடைத்திருந்தால் அதன்மேல் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் படக்கூடாது. அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும்.

கேட்கும் முறையில் ஒரு சிறிய திருத்தம் பெரிய பலன் தரும். தட்டு மோனோ, அதாவது இடது வலது பிரிவில்லாத ஒரே ஒலி என்றால், ஆம்ப்ளிபயரிலும் மோனோவுக்கு மாற்றுங்கள். மோனோ தட்டில் பாட்டு முள்ளைப் பக்கவாட்டில்தான் அசைக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது அழுக்கும் தேய்மானமும் மட்டும். இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும்போது அந்த மேல்கீழ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பெருமளவு மறைந்துவிடும், பாட்டு அப்படியே நிற்கும். முள்ளின் எடையைத் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் மேல்பக்கமாக வையுங்கள். ‘தட்டைக் காப்பாற்றுகிறேன்’ என்று எடையைக் குறைத்தால் முள் வரிக்குள் உட்காராமல் குதித்துக் குதித்து ஓடும், தேய்மானம் கூடத்தான் செய்யும். பழைய பிளேயர்களின் உருண்டை முள் வரிச்சுவரின் ஒரு மட்டத்தைத் தேய்த்துவைத்திருக்கும். நீள்வட்ட முள் வேறு மட்டத்தில் தொடும் என்பதால், செத்துப்போனதாக நினைத்த தட்டு சில நேரம் உயிரோடு எழுந்து வருவதும் உண்டு.

இவ்வளவு சிரமத்துக்கு மறுபதிப்பையே வாங்கிவிடலாமே என்று தோன்றலாம். வாங்கலாம், ஆனால் சோதித்து வாங்குங்கள். பாட்டின் நீளத்தை முதலில் பாருங்கள். நான்கு நிமிடத்தில் முடிந்தால் அது முதல் பக்கம் மட்டும். ஆட்டத்தை விட்டுவிட்டு முறையீட்டை மட்டும் விற்கிறார்கள் என்று அர்த்தம். எட்டு ஒன்பது நிமிடம் இருந்தால் இரண்டு பக்கத்தையும் ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஒட்டைக் கேளுங்கள். தட்டில் முதல் பக்கம் ஒலி தேய்ந்து முடிவதும் இரண்டாம் பக்கம் ஒலி மெல்ல ஏறித் தொடங்குவதும் வழக்கம். நல்ல மறுபதிப்பில் அடி தவறாமல் இணைத்திருப்பார்கள். மோசமானதில் நடுவில் ஒரு பள்ளம் விழும், கால் தடுமாறும்.

அடுத்தது இரைச்சல் நீக்கம். மூல நாடா கிடைக்காமல் பழைய தட்டிலிருந்தே பதிவெடுத்த மறுபதிப்புகள் உண்டு. அது குற்றமில்லை. பொரிவுச் சத்தத்தைத் துடைக்கிறோம் என்று உயர்சுரங்களையும் சேர்த்துத் துடைத்துவிடுவதுதான் குற்றம். டிரம்ஸில் காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பலான ஹை-ஹாட்டின் ‘சிக் சிக்’ பஞ்சுபோல் மழுங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் பொரிகிற, ஆனால் ஹை-ஹாட் கூர்மையான பதிவு எத்தனையோ மேல். மற்ற இசையில் அது ஓரமாகக் கிடக்கும் வாத்தியமாக இருக்கலாம். கென்யாவின் பெங்கா இசையில் அதுதான் முதுகெலும்பு.

பெங்காவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நைரோபியில் கிடைக்கும் பழைய 45 தட்டுகளில் கை வைத்தால் வன்யிகா குழுக்களைவிட இது அதிகம் அகப்படலாம். விக்டோரியா ஏரிக்கரை லுவோ மக்களின் கிடார் இசை இது. அவர்களுடைய ந்யாட்டிட்டி என்ற எட்டு நரம்பு யாழை வாசிப்பவர், கால் கட்டைவிரலில் ஓர் இரும்பு வளையம் போட்டுக்கொண்டு வாத்தியத்தின் கட்டையில் தட்டிக்கொண்டே வாசிப்பார். ஒரே ஆள் நரம்பும் தாளமும் ஆவார். அந்த இரும்பு வளையத்தின் இடத்தில்தான் பெங்காவின் ஹை-ஹாட் இருக்கிறது என்று எண்ணிக் கேட்டுப்பாருங்கள், காதுக்குப் பாட்டின் கட்டுமானம் திறந்துகொள்ளும். இரண்டு குரல் சேர்ந்து ஒரு வரியைப் பாடும். உடனே லீட் கிடார் அதே வரியைக் கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்லும். பிறகு குரல் ஒதுங்கிவிடும், கிடார்கள் ஓட்டம் பிடிக்கும். ஷிராட்டி ஜாஸின் தலைவர் டி. ஓ. மிசியானி, 2006-ல் இறக்கும்வரை இந்த இசையின் பெரிய பெயர். ஷிராட்டி என்பது கென்ய எல்லைக்குச் சற்றுத் தெற்கே, தான்சானியப் பக்கத்து ஊர்.

பெங்காத் தட்டில் பாட்டு நடுவே பாடகர் திடீரென்று பேச்சுக்குரலில் பெயர் பெயராக அடுக்குவார். இன்னார் மகன் இன்னார், இந்த ஊர்க்காரர் என்று. புதிதாகக் கேட்பவர்கள் இதை விளம்பரம் என்றோ தவறான பதிவென்றோ நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அது பாட்டின் உறுப்பு. ஆதரித்தவரையும் நண்பரையும் ஊரையும் புகழ்ந்து பெயர் சொல்வது லுவோ இசையில் மரியாதை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து காசு கொடுத்துத் தன்னைப் பற்றியோ தோழியைப் பற்றியோ புகழ்மொழி சொல்லும் பழக்கத்துக்கே பக்ருவோக் என்று பெயர் உண்டு. நம் ஊர்க் கச்சேரி மேடையில் அன்பளிப்பு கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்கிறார்களே, அதற்கு இசை போட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

கொங்கோக்காரர்கள் தரப்பில் சூப்பர் மசெம்பே குழுவின் ‘கசோங்கோ’வைத் தேடலாம். 1974-ல் நைரோபிக்கு வந்துசேர்ந்த குழு அது. மசெம்பே என்றால் மண் அள்ளும் பெரிய இயந்திரம். பெயருக்கேற்ற கனம் தாளத்தில் இருக்கிறது. பாட்டு லிங்கலா மொழியில். வீட்டை விட்டுப் போன கணவனை மனைவி திரும்பி வரச் சொல்லி அழைக்கிறாள். ‘மொபாலி நா ங்காய்’ என்று வரும் இடம், ‘என் புருஷனே’. லிங்கலா தெரியாத கென்யர்கள் கோடிக்கணக்கில் அதைக் கூடவே பாடுகிறார்கள். குரல்கள் அடுக்கடுக்காக மேலேறும் இசை என்பதால், மழுங்கிய மறுபதிப்பில் அடிபடுவது முதலில் குரல்தான். வாங்கும்போது அதைக் கேட்டுப் பாருங்கள்.

மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். சுவாஹிலிக் காதல் பாட்டுக்குப் பத்துச் சொல் போதும். மபென்சி காதல், ம்பென்சி காதலர், நகுபெண்டா உன்னை நேசிக்கிறேன், மொயோ இதயம், விவு பொறாமை, மச்சோசி கண்ணீர், ருடி திரும்பி வா, மகோசா குற்றம், பாரூவா கடிதம், பேசா பணம். கடைசிச் சொல் நம் பைசாவின் உறவுக்காரன். இந்தியப் பெருங்கடலில் போய்வந்த கப்பல்கள் கொண்டுபோட்டது. கடைக்கு அவர்கள் சொல்லும் டூகாவும் அப்படித்தான், துக்கானிலிருந்து. இந்தப் பாட்டுகளில் காதலும் பேசாவும் அடிக்கடி ஒரே வரியில் வரும். 1960 வாக்கில் ஃபதிலி வில்லியம் பதிவுசெய்த ‘மலைகா’வை உலகம் தாலாட்டுபோல் பாடுகிறது. பாடுகிறவன் சொல்வதோ, உன்னைக் கட்டிக்கொள்ள ஆசை, பெண்ணுக்குக் கொடுக்க என்னிடம் செல்வம் இல்லை என்பது. அங்கே பரிசம் மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது. ஆடிக்கொண்டே பாடும் பாட்டுகளில் இவ்வளவு வெளிப்படையாகக் கைக்காசைப் பேசும் இசை உலகத்தில் அதிகம் இல்லை. அந்த நேர்மைக்காகவே இதை நேசிக்கலாம்.

தான்சானியக் குழுக்களைத் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 45 தட்டாகவே தேடிக்கொண்டிருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். டார் எஸ் சலாமில் குழுக்கள் ரேடியோ தான்சானியா ஸ்டூடியோவில் பதிவுசெய்தன. அவை ஒலிபரப்புக்கான நாடாக்கள், விற்பனைக்கான தட்டுகள் அல்ல. தட்டு அடிக்க நைரோபிதான் போக வேண்டும். 1977-ல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற நாடுகளின் கூட்டமைப்பு உடைந்து, கென்ய-தான்சானிய எல்லை மூடப்பட்டது, 1983-ல்தான் திறந்தது. இசை மிகச் செழித்திருந்த அதே ஆண்டுகளில் வழி அடைபட்டுக் கிடந்தது. அதனால் 1978-ல் தொடங்கிய ம்லிமானி பார்க் குழுவைக் கேட்க வேண்டுமென்றால் வானொலி நாடாக்களிலிருந்து தொகுத்த சிடிக்களையே நம்ப வேண்டியிருக்கிறது. பாடகர்கள் முஹிதீன் மாலிம் குருமோ, ஹசானி பிச்சுகா இருவரும் சேரும் இடங்களுக்காக எதைக் கொடுத்தாலும் தகும். பிச்சுகாவின் மெல்லிய உயர்குரல் காதலின் தவிப்பை எடுத்துக்கொள்ள, ஊதுவாத்தியங்கள் பின்னால் நின்று ஆறுதல் சொல்லும். ஒலித்தரம் எளிமையானதுதான், நேரடியாக ஒரே மூச்சில் வாசித்த பதிவு. அந்த ஒரே மூச்சு கேட்கவும் செய்கிறது.

ம்லிமானி பார்க்கின் ஆட்டப் பாணிக்குச் சிகிண்டே என்று பெயர், ஒரு நாட்டுப்புற ஆட்டத்திலிருந்து எடுத்தது. தான்சானியாவில் ஒவ்வொரு குழுவுக்கும் இப்படி ஒரு ம்டிண்டோ, அதாவது தனிப் பாணிப் பெயர் உண்டு. நூட்டா ஜாஸுக்கு ம்சோண்டோ. மக்கிஸ் குழுவின் ஒரு பாணிக்கு ஓகெலியா பிகா ம்பிசி, ‘நீந்து, முக்குளி’ என்று. ரசிகர்கள் குழுவையே அந்தப் பெயரால்தான் அழைப்பார்கள்.

இனி ஆட்டம். தட்டு வாங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதில் தவறில்லை, ஆனால் பொருள் செய்யப்பட்ட நோக்கம் அது இல்லை. முதல் பக்கத்துக்கு ஜோடியாக நில்லுங்கள். 1930-களிலிருந்து ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் இறங்கிய கியூபத் தட்டுகளின் வழி வந்த ரும்பா நடை இது. இடது கால் பக்கவாட்டில் ஒரு சாண், வலது கால் அதோடு சேரும், மறுபடி இடது ஒரு சாண், வலது விரல்நுனி மட்டும் தொடும். பிறகு வலப்பக்கம் அதே நான்கு எண்ணிக்கை. பாதத்தைத் தூக்கக் கூடாது, தரையோடு வழுக்க வேண்டும். முழங்கால் சற்று மடங்கியே இருக்கட்டும். இடுப்பைத் தனியாக ஆட்ட முயல வேண்டாம். எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும்போது முழங்கால் மடங்கி நிமிர்ந்தால் இடுப்பு தானாக உருளும். தோள் அமைதியாக இருக்க வேண்டும். தோளில் ஒரு தம்ளர் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொண்டால் சரியாக வரும்.

பலரும் தவறுவது, லீட் கிடாரைப் பின்தொடர்ந்து ஆடுவதில். அது துள்ளும், நம்மையும் துள்ள வைக்கும், இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கும். கால் கேட்க வேண்டியது பேஸ் கிடாரை. அது நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். இரண்டாவது தவறு, முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவது. பாடகர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், நடை மட்டும் போதும்.

இரண்டாம் பக்கத்தில் பிடி தளரும். ஜோடி ஒரு கை தூரம் விலகும். முழங்கால் இன்னும் மடங்கி, உடல் இரண்டு அங்குலம் தாழ்ந்து, எடை குதிகாலுக்குப் போகும். அடி சிறியதாகும், ஒரு சாண் அரைச் சாணாகும். இடுப்பின் வட்டம் பெரிதாகும். வன்யிகா பாட்டுகளில் வேகம் அதிகம் ஏறுவதில்லை, இறுக்கம்தான் ஏறும். கொங்கோக் குழுக்களில் வேகமும் ஏறும். பெங்காவில் முதலிலிருந்தே வேகம், அங்கே பக்கவாட்டு நடையைச் சுருக்கி இருந்த இடத்திலேயே எடை மாற்றினால் போதும். மொம்பாசா கடற்கரையின் சகாச்சா தாளம் கலந்த தட்டு கிடைத்தால் முறை வேறு. திருமண வீடுகளில் பெண்கள் ஆடும் ஆட்டத்திலிருந்து வந்தது அது. கால் கிட்டத்தட்ட நகராது, இடுப்பில் சுற்றிக் கட்டிய காங்காத் துணிக்குத்தான் எல்லா வேலையும்.

எங்கே வாங்குவது என்றால், நைரோபி போகிறவர்கள் கென்யாட்டா சந்தைக்குப் போகலாம். சுட்ட இறைச்சிக்கும் தலைமுடி பின்னலுக்கும் பேர்போன சந்தை, பழைய தட்டுகளும் அங்கே உண்டு. ரிவர் ரோடு ஒருகாலத்தில் தட்டுத் தயாரிப்பாளர்களும் கேசட் கடைகளும் அடைந்து கிடந்த தெரு. கேசட் நகல்கள் பெருகியபிறகுதான் 45 தட்டின் வியாபாரம் சரிந்தது. இணையத்தில் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் இரண்டு பக்கத்தின் படமும், இரண்டாம் பக்கத்தின் கடைசி முப்பது வினாடி ஒலிப்பதிவும் கேளுங்கள். ‘பகுதி 1’ மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் அரை விலைதான் நியாயம். உறை இல்லாமல் வரும், அது சகஜம். புது உள்ளுறை ஒன்று போட்டு, படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். கார் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் ஒரு மணி நேரம் விட்டால் தட்டு அப்பளமாகிவிடும்.

ஆட்டத்துக்குப் போடுகிறவருக்கு ஒரு கடைசிக் குறிப்பு. ஒரே பாட்டின் இரண்டு பிரதியும் இரண்டு பிளேயரும் இருந்தால், முதல் பக்கம் தேயத் தொடங்கும்போதே மற்றதில் இரண்டாம் பக்கத்தை ஏற்றிவிடலாம். ஒரு தட்டும் ஒரு பிளேயரும்தான் இருக்கிறது என்றால், முள்ளைத் தூக்கி, தட்டைத் திருப்பி, மறுபடி இறக்கப் பத்து வினாடி ஆகும். அந்தப் பத்து வினாடி விளக்கைப் போடாதீர்கள், வேறு பாட்டால் நிரப்பாதீர்கள். ஜோடிகள் கையை விடாமல், எடையைக் காலுக்குக் கால் மாற்றிக்கொண்டு நிற்கட்டும். இரண்டாம் பக்கத்தில் ரிதம் கிடார் ஏற்கெனவே ஓடிக்கொண்டேதான் மெல்ல உள்ளே வரும்.